முன்னே ஒன்று, பின்னே ஒன்று: அட்வென்ச்சர் பைக்கில் இருவேறு டயர்கள் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார்ச்சாலை, மண் தடம் இரண்டிலும் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்ட அட்வென்ச்சர் பைக் வைத்திருக்கும் நண்பர்களுக்கு டயர் மாற்றும் காலம் வந்ததும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி வந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டுவிட்டேன். உதாரணங்களுக்குப் பெரும்பாலும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐயும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ஐயும் எடுத்திருக்கிறேன், ஏனென்றால் என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பவை அவையே. தரையைக் கவ்வுவதற்காகத் தனித்தனியாக எழும்பி நிற்கும் ரப்பர் கட்டைகளைக் கடைக்காரர்கள் 'பட்டன்' என்கிறார்கள். நானும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

முன்னாடி ஒரு கம்பெனி, பின்னாடி வேற கம்பெனி டயர் போடலாமா? தப்பு ஒண்ணும் இல்லையே?

போடலாம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் நிறுவனப் பெயரைச் சாலை படிப்பதில்லை. டயரின் அளவு, உட்கட்டமைப்பு, தாங்கும் எடை, வட்டத்தின் வடிவம், ரப்பரின் தன்மை ஆகிய ஐந்தும் வண்டிக்கும் ஒன்றுக்கொன்றும் பொருந்துகின்றனவா என்பதே கேள்வி. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை எடுத்து இந்த ஐந்தில் ஒன்றைத் தவறவிட்டவரைவிட, இரு நிறுவனங்களின் டயர்களை எடுத்து ஐந்தையும் சரிபார்த்தவர் நல்ல நிலையில் இருக்கிறார்.

ஆனால் ஜோடியாக வாங்குவதில் ஒரு வசதி உண்டு என்பதை மறுக்க முடியாது. ஒரே பெயரில் வரும் முன், பின் டயர்களை அந்த நிறுவனமே ஒன்றாக ஓட்டிப் பார்த்துத்தான் விற்கிறது. நாம் கலக்கும்போது அந்தச் சோதனையைச் செய்யும் பொறுப்பு நம்மிடம் வந்துவிடுகிறது.

ஜோடியாவே விக்கிறாங்களே, அப்புறம் எதுக்குக் கலக்கணும்?

பலர் விரும்பிக் கலப்பதில்லை, வேறு வழியில்லாமல் கலக்கிறார்கள். ஹிமாலயன் 411-இன் முன் டயர் 90/90-21 (இந்த எண்களின் பொருளைக் கீழே அளவு பற்றிய பதிலில் சொல்கிறேன்). இந்த அளவு உலகம் முழுவதும் பல வண்டிகளில் இருப்பதால் தேர்வுக்குக் குறைவில்லை. அதன் பின் டயரான 120/90-17 அப்படியல்ல. முன்னே பிடித்த டயரைக் கண்டுபிடித்தவர், அதே பெயரில் பின் டயரைத் தேடிக் கடை கடையாக அலைந்துவிட்டுக் கடைசியில் வேறொன்றோடு திரும்புவது வழக்கமான கதை.

இன்னொரு காரணம் தேய்மானம். இயந்திரத்தின் இழுவை முழுவதையும், சுமையின் பெரும்பகுதியையும் பின் டயர் தாங்குவதால் அது முன் டயரைவிட மிக விரைவில் தேய்கிறது. முன்னே ஒன்று தீர்வதற்குள் பின்னே இரண்டு தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே இரண்டையும் எப்போதும் சேர்த்தே மாற்றுவது பணத்தை வீணாக்குவது. மூன்றாவதாக, வேண்டுமென்றே கலப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய காரணம் கீழே வருகிறது.

50/50, 70/30 என்கிறார்களே, அது என்ன கணக்கு?

முதல் எண் தார்ச்சாலை, இரண்டாவது எண் மண் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் இந்த எண்களை அளந்து கொடுக்கும் பொதுத் தரநிலை எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் டயரைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதுதான். ஒருவர் 50/50 என்று விற்பது இன்னொருவரின் 70/30-ஐப் போலவே இருப்பதைப் பார்க்கலாம்.

எண்ணை விட்டுவிட்டு டயரை நேரில் பாருங்கள். பட்டன்களுக்கு இடையே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது, அந்த இடைவெளி எவ்வளவு ஆழம், பட்டனை விரலால் அழுத்தித் தள்ளினால் எவ்வளவு வளைகிறது என்ற மூன்றும் அந்த எண்ணைவிட அதிகம் சொல்லும். வெற்றிடம் கூடுதலாக இருந்தால் மண்ணைக் கவ்வும், சேற்றை உதறும்; தாரில் தொடும் பரப்பு குறையும். பட்டன் அதிகமாக வளைந்தால் தார்ச்சாலை வளைவில் வண்டி நெளிவது போல உணர்வீர்கள்.

எல்லாரும் முன்னாடி பட்டன், பின்னாடி ரோடு டயர் மாதிரி ஒண்ணு போடறாங்க. அது ஏன்?

விரும்பிக் கலப்பவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். இதற்குப் பின்னால் உறுதியான காரணம் இருக்கிறது. இரு சக்கர வண்டியில் நாம் விழாமல் இருப்பது முன் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிச் சமன் செய்வதால்தான். இதை நாம் உணர்வதுகூட இல்லை. பின் சக்கரம் சரளைக்கல்லில் பக்கவாட்டில் நழுவினால், ஆக்சிலரேட்டர் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், முன் சக்கரம் வழிகாட்ட வண்டி பெரும்பாலும் நேராகிவிடும். மண்ணில் ஓட்டிப் பழகியவர்கள் அந்த நழுவலை வேண்டுமென்றே வரவழைத்து வளைவில் திரும்புவார்கள். முன் சக்கரம் நழுவினால் கதை வேறு. சமன் செய்யும் கருவியே கையைவிட்டுப் போய்விடுகிறது. என்ன நடந்தது என்று புரிவதற்குள் தோள் தரையில் இருக்கும்.

ஆகவே மண்ணில் பிடிப்பு எங்கே அவசியமோ அங்கே பட்டனையும், பிடிப்பு குறைந்தாலும் சமாளித்துவிடக்கூடிய இடத்தில் அதிக தூரம் உழைக்கும் டயரையும் போடுவது என்பதே இந்தக் கலப்பின் கணக்கு. முன் டயர் மெதுவாகத் தேய்வதால் விலையுயர்ந்த பட்டன் டயரை அங்கே போடுவது கட்டுப்படியாகும்; அதே டயரைப் பின்னே போட்டால் கனமான வண்டிகளில் ஐந்தாறாயிரம் கிலோமீட்டரிலேயே நடுப்பகுதி மொட்டையாகிவிடலாம். பெரிய வண்டிக்காரர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு ஜோடி, முன்னே கான்டினென்டலின் டி.கே.சி. 80, பின்னே ஹைடெனாவின் கே60 ஸ்கவுட். முதலாவது நன்றாகக் கவ்வுவதற்கும், இரண்டாவது நீண்ட நாள் உழைப்பதற்கும் பெயர் பெற்றவை.

ஓர் எச்சரிக்கை. பின் சக்கர நழுவல் எளிது என்று நான் சொன்னது மண்ணுக்கு மட்டும்தான். தார்ச்சாலையில் பின் சக்கரம் நழுவி, பிறகு திடீரென்று பிடித்தால், வண்டி ஓட்டுநரைத் தூக்கி மறுபக்கம் எறிந்துவிடும்.

அதையே திருப்பிப் போட்டா? பின்னாடி பட்டன், முன்னாடி ரோடு டயர்?

சேற்று ஏற்றத்தில் பின் சக்கரம் சுழன்றுகொண்டே நின்றுவிட்ட அனுபவம் உள்ளவர்கள் இப்படி யோசிக்கிறார்கள். ஏறுவதற்கு அது உதவும் என்பது உண்மை. ஆனால் ஏறியதை இறங்க வேண்டும், இறங்கும்போது திருப்பவும் பிரேக் பிடிக்கவும் முன் சக்கரம்தான் வேலை செய்ய வேண்டும். பின் சக்கரம் உந்தும் வேகத்திற்கு முன் சக்கரத்தால் திரும்ப முடியாமல் போவது, முன் பதிலில் சொன்ன விழுகைக்கு நேர் வழி.

மேலே ஏற முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளலாம், யாரையாவது உதவிக்கு அழைக்கலாம். கீழே இறங்கும்போது அந்த வசதி இல்லை. இந்த அமைப்பை நான் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை.

நான் போறது தொண்ணூறு சதவீதம் தார் ரோடு. மழையில முன்னாடி பட்டன் வழுக்காதா?

வழுக்கும், அதனால்தான் மேலே சொன்ன அமைப்பு எல்லோருக்கும் ஏற்றதல்ல. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், தார்ச்சாலையில் வண்டியை நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி முன் டயருடையது. பட்டன் டயர் சாலையைத் தொடும் ரப்பர் பரப்பு குறைவு. தொடுகிற பட்டன்களும் பிரேக்கின் விசையில் பின்னோக்கி வளைகின்றன. உலர்ந்த சாலையில் இது பெரிய குறையாகத் தெரியாது. நனைந்த தாரில், அதிலும் முதல் மழையில் எண்ணெய்ப் படலம் மேலே வந்து நிற்கும்போதும், வெள்ளைக் கோடுகளின் மேலும், பாலங்களின் இரும்பு இணைப்புகளின் மேலும் நன்றாகவே தெரியும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளையோ, கொல்லிமலையின் 70 வளைவுகளையோ வடகிழக்குப் பருவமழையில் ஏறி இறங்குவதுதான் உங்கள் பயணம் என்றால், உங்களுக்கு முன்னே பட்டன் தேவையில்லை. வெட்டுகள் நெருக்கமாகவும் ரப்பர் மென்மையாகவும் உள்ள, சாலைக்கு முன்னுரிமை தரும் டயரே நல்லது. எஸ்டேட் வழியாகக் கடைசி மூன்று கிலோமீட்டர் மண் தடம் இருக்கிறது என்பதற்காக மீதி நூறு கிலோமீட்டரின் பிரேக்கை விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்த மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டலாம்.

டயரைத் தேர்ந்தெடுக்கும்போது, சென்ற ஆண்டு நீங்கள் உண்மையில் ஓட்டிய பாதைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஓட்ட விரும்பும் பாதைகளை எழுதாதீர்கள். பலருக்கும் இந்தத் தாள் சங்கடமான உண்மையைச் சொல்கிறது.

ரேடியல் ஒண்ணு, சாதா டயர் ஒண்ணு, கலக்கலாமா?

இங்குதான் உண்மையாகவே கவனம் தேவை. 'சாதா' என்று நாம் சொல்லும் டயரில் உள்ளிருக்கும் நூல் அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும். ரேடியலில் அவை ஓடும் திசைக்குச் செங்குத்தாகச் சென்று, மேலே தனிப் பட்டை ஒன்றால் இறுக்கப்பட்டிருக்கும். அளவில் கோடு மட்டும் இருந்தால் சாதா (90/90-21), 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் ரேடியல் (140/80 ஆர் 17). இரண்டின் பக்கச்சுவர்களும் வளையும் விதம் வேறு, திருப்பத்திற்குப் பதில் சொல்லும் வேகமும் வேறு.

முன்னே சாதா, பின்னே ரேடியல் என்ற அமைப்பைத் தொழிற்சாலையே பல அட்வென்ச்சர் வண்டிகளில் தருகிறது. ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின்னில் முன்னே 90/90-21, பின்னே 150/70 ஆர் 18. ஹிமாலயன் 450-இல் முன்னே 90/90-21, பின்னே 140/80 ஆர் 17. அந்த வண்டிகள் அதற்கென்றே அமைக்கப்பட்டவை. இதைத் தலைகீழாக்கி முன்னே ரேடியலும் பின்னே சாதாவும் போடுவது கூடாது: முன்பக்கம் உடனே திரும்ப, பின்பக்கம் தாமதமாகப் பின்தொடர, வேகத்தில் வண்டி மீன் போல நெளியத் தொடங்கும். ஹிமாலயன் 411, எக்ஸ்பல்ஸ் 200 போல இரண்டும் சாதாவாக வந்த வண்டியில் இரண்டையும் சாதாவாகவே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. வண்டி நிறுவனமோ டயர் நிறுவனமோ எழுத்தில் அனுமதித்திருந்தால் மட்டுமே அதிலிருந்து விலகுங்கள். கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வது அனுமதி ஆகாது.

120/90-17 கிடைக்கலை. 130/80-17 போடலாம்கிறார் கடைக்காரர். 130/90 இன்னும் கம்பீரமா இருக்கும்கிறார். எதை நம்புவது?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். முதல் எண் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது, ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 120/90-17-இன் பக்கச்சுவர் 108 மி.மீ., மொத்த விட்டம் ஏறத்தாழ 648 மி.மீ. 130/80-17-க்குப் பக்கச்சுவர் 104, விட்டம் ஏறத்தாழ 640. எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம், அதாவது 1.2 சதவீதம், பின்பக்கம் நான்கு மில்லிமீட்டர் தாழும். ஒரே எண் போட்ட இரு நிறுவனங்களின் டயர்களுக்கு இடையேகூட இந்த அளவு வேறுபாடு வருவதுண்டு. இது சமாளிக்கக்கூடியது.

130/90-17-இன் விட்டம் ஏறத்தாழ 666 மி.மீ. அச்சு ஒன்பது மில்லிமீட்டர் உயரும். 1,465 மி.மீ. சக்கர இடைவெளி உள்ள ஹிமாலயன் 411-இல் இது முன் ஃபோர்க்கின் சாய்வை ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகை செங்குத்தாக்கும். அந்த அளவுக்கு நேர்க்கோட்டு நிலைத்தன்மை குறையும், கியரும் மூன்று சதவீதம் கனமாகும். அதைவிட முக்கியம் இடைவெளி. பட்டன் டயர் என்றால் பட்டனின் உயரமும் சேர்ந்துவிடும், வேகத்தில் டயர் கொஞ்சம் விரியும், சேறு ஒட்டினால் இன்னும் பருக்கும். ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை), மட்கார்டு, செயின் மூன்றிலும், செயின் சரிசெய்யும் திருகு எவ்வளவு முன்னே வர முடியுமோ அந்த நிலையில் வைத்து, ஒரு விரலாவது தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் கம்பீரத்தை மறந்துவிடலாம்.

ரிம்மின் அகலத்தையும் பார்க்க வேண்டும். எந்த அகல ரிம்முக்கு எந்த டயர் என்பதை டயர் நிறுவனங்களே பட்டியலிட்டிருக்கின்றன. குறுகிய ரிம்மில் அகன்ற டயரைத் திணித்தால் அதன் வட்டம் கூம்பிப்போய், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அகலம் தரையையே தொடாது.

டயர்ல 54, 64, எஸ், டி என்றெல்லாம் போட்டிருக்கே, அதுவும் முன்னாடி பின்னாடி ஒண்ணா இருக்கணுமா?

ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் அந்தச் சக்கரத்துக்கு வண்டி நிறுவனம் குறிப்பிட்டதற்குக் குறையக் கூடாது. எண் என்பது தாங்கும் எடை: 54 என்றால் 212 கிலோ, 64 என்றால் 280 கிலோ, 70 என்றால் 335 கிலோ. எழுத்து என்பது வேகத்தின் உச்சம்: பி என்றால் 150 கி.மீ., கியூ 160, எஸ் 180, டி 190, எச் 210. இரு டயர்களின் வேக எழுத்து வேறுபட்டால், குறைந்ததுதான் வண்டியின் எல்லை.

நமது வண்டிகளில் வேகத்தைவிட எடைதான் சிக்கல். 200 கிலோ எடையுள்ள வண்டியில் இருவர் அமர்ந்து, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டினால் பின் டயரின் மேல் விழும் சுமை சாதாரணமானதல்ல. பந்தயத்திற்கென்று செய்யப்பட்ட சில பட்டன் டயர்கள் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். அவை நூற்றுப்பத்து கிலோ வண்டிக்கானவை. பொதுச் சாலைக்கு அல்ல என்ற வாசகம் பக்கச்சுவரில் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

பின் டயர் மொட்டை, முன் டயர் பாதி இருக்கு. ஒண்ணை மட்டும் மாத்தினா போதுமா?

பெரும்பாலும் போதும், ஆனால் முன் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஏழெட்டு வருடமாகிக் கெட்டிப்பட்ட முன் டயரோடு நேற்று வாங்கிய பின் டயரைச் சேர்ப்பதை யாரும் கலப்பு என்று சொல்வதில்லை, ஏனென்றால் இரண்டிலும் ஒரே பெயர் எழுதியிருக்கிறது. என் கணக்கில் இங்கே பேசும் கலப்புகளிலேயே ஆபத்தானது அதுதான்: பிடிப்பு குறைந்த டயர், நான்காவது பதிலில் சொன்ன காரணத்தால் பிடிப்பு மிக அவசியமான இடத்தில் இருக்கிறது.

வடிவத்தையும் பாருங்கள். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடிய பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகிவிடும். புதிய வட்டமான முன் டயரை அதனோடு சேர்த்தால், முன்பக்கம் வளைவில் சட்டென்று சாய, பின்பக்கம் ஒரு விளிம்பின் மேல் ஏறித் தயங்கிப் பிறகு விழும். முன் டயரில் பிரேக்கினால் பட்டன்கள் ரம்பப் பல்போலத் தேய்ந்திருந்தால் அதிர்வும் இரைச்சலும் வரும். புதிய பின் டயரைக் குறை சொல்லாதீர்கள்.

எந்த டயராயினும் முதல் 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். ஒன்று பழையது, ஒன்று புதியது என்னும்போது இது இன்னும் முக்கியம், ஏனென்றால் உங்கள் கை பழைய பிடிப்புக்குப் பழகியிருக்கிறது.

அண்ணா, முன்னாடி பட்டன் போட்டதிலிருந்து 90-க்கு மேல ஹேண்டில் லேசா ஆடுது. டயர் கோளாறா?

டயராக இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். முதலில் டயர் ரிம்மில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்: ரிம்மை ஒட்டிப் பக்கச்சுவரில் ஒரு மெல்லிய கோடு ஓடும், அது சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். டயர் கழற்றி மாட்டிய கையோடு ஸ்போக் தளர்வு, ஸ்டியரிங் பேரிங், சக்கரச் சமநிலை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அடுத்து சுமை. பின்பக்கம் பெட்டிகள், மேலே ஒரு பை என்று ஏற்றினால் முன்பக்கம் லேசாகிவிடும். பட்டன் டயர் அதை மிகைப்படுத்திக் காட்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஆடுகிறது என்றால், உயரமான பட்டன்கள் வளைவதால் வரும் நெளிவு அது. ஓரிரு ஆயிரம் கிலோமீட்டர் ஓடிப் பட்டன் கொஞ்சம் தேய்ந்ததும் குறைவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் லேசான ஆட்டம் வேகம் கூடக் கூட வளர்ந்தால், அது பழக்கத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்; அந்த ஜோடி அந்த வண்டிக்கு ஒத்துவரவில்லை.

ரெண்டும் வேற வேற டயர். காத்து எவ்வளவு வைக்கிறது?

வண்டிக் கையேட்டில் உள்ள அளவிலிருந்து தொடங்குங்கள். காற்று தாங்குவது வண்டியின் எடையை, டயரின் பெயரை அல்ல. டயர் நிறுவனம் வேறு அளவு சொல்லியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். பக்கச்சுவரில் எழுதியிருப்பது உச்ச அழுத்தம், பரிந்துரை அல்ல. அதைப் படித்துவிட்டு 40 பவுண்டு அடிக்கும் பஞ்சர் கடைகள் இருக்கின்றன.

மண்ணில் இறங்கும்போது நான் முன்னே 20, பின்னே 22 பவுண்டு வரை குறைப்பேன், அதற்குக் கீழே போகமாட்டேன். டியூப் உள்ள வண்டியில் காற்று மிகக் குறைந்தால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கிப் பாம்புக் கடிபோல இரண்டு துளை விழும். தூத்துக்குடிப் பக்கத் தேரி மணலில் காற்றைக் குறைப்பது எந்தப் பட்டனையும்விட அதிகம் உதவும். அதற்கு நேர்மாறு கரிசல்: மழை பெய்த கோவில்பட்டிக் கரிசல் மண் எந்த டயரின் இடைவெளியையும் நான்கைந்து சுற்றில் நிரப்பிவிடும், பிறகு முன்னே என்ன, பின்னே என்ன என்ற கேள்விக்கே பொருள் இருக்காது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் அடித்துவிட வேண்டும்.

பின்னாடி போடற டயரையே முன்னாடியும் போட்டா கலப்பே இல்லையே?

பெரும்பாலான வண்டிகளில் ரிம் அளவே இதற்கு இடம்கொடுக்காது. இடம்கொடுத்தாலும், பக்கச்சுவரில் 'பின்' என்று மட்டும் எழுதியிருந்தால் போடக்கூடாது. பின் டயரில் பட்டன்கள் உந்துவதற்காகக் குறுக்கே அடுக்கப்பட்டிருக்கும். முன் டயரில் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கும். ஒரே பெயரில் ஜோடியாக வரும் டயர்களும்கூட உண்மையில் இரண்டு வேறு டயர்கள்தான்.

இரு பக்கமும் போடலாம் என்று நிறுவனமே சொல்லும் சில டயர்களில் இரண்டு அம்புக்குறிகள் எதிரெதிர் திசையில் இருக்கும். பின் சக்கரத்தின் பெரிய விசை உந்துதல், முன் சக்கரத்தின் பெரிய விசை பிரேக். இரண்டும் எதிர்த்திசையில் ரப்பரை இழுப்பதால் அம்பும் மாறுகிறது. அந்த அம்பின்படியே மாட்டச் சொல்லுங்கள், மாட்டி முடித்ததும் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

ஒண்ணு டியூப்லெஸ், ஒண்ணு டியூப் டயர். பரவாயில்லையா?

ஸ்போக் ரிம்மில் டியூப் போட்டு ஓட்டும் வண்டியில், டியூப்லெஸ் என்று எழுதிய டயருக்குள்ளும் டியூப் போட்டு ஓட்டலாம். முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்றாலும் சிக்கல் இல்லை. தலைகீழாகச் செய்ய முடியாது: டியூப் டயரை டியூப் இல்லாமல் ஓட்டக்கூடாது. டியூப்லெஸ் டயரின் விளிம்பு விறைப்பாக இருப்பதால் சாலையோரத்தில் கழற்றுவது கடினம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இருவேறு அளவு டியூப் சுமப்பதைத் தவிர்க்க விரும்புவோர் 21 அங்குல டியூபை மட்டும் எடுத்துச் செல்வதுண்டு. பின் டியூப் கிழிந்தால் அதையே மடித்துத் திணித்து அடுத்த ஊர்வரை போய்ச் சேரலாம். அது அவசரத்துக்கு மட்டும்.

ஏ.பி.எஸ். குழம்பாதா?

அளவு மாறாதவரை குழம்பாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பார்ப்பது சக்கரம் சுழலும் வேகத்தைத்தான், பட்டனின் வடிவத்தை அல்ல. இரண்டு சக்கரத்திலும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் விட்டம் பெரிதும் மாறினால்தான் கணக்குத் தவறும். மேலே அளவு பற்றிய பதிலில் சொன்ன ஒரு சதவீத வேறுபாடு பொருட்டல்ல. இன்னொன்று: பட்டன் டயர் போட்டதால் சரளையில் ஏ.பி.எஸ். வேலை செய்வது நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

போலீஸ், ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் ஏதாவது பிரச்சினை வருமா?

நிறுவனத்தையோ பட்டன் வடிவத்தையோ பதிவுச் சான்றிதழில் எழுதுவதில்லை. ஆகவே அளவு மாறாத கலப்பில் பிரச்சினை இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டி நிறுவனம் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. அளவை மாற்றினால், விபத்துக்குப் பிறகு எவராவது அதை எடுத்துக்காட்ட வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் விற்கும் இருசக்கர டயரில் ஐ.எஸ். 15627 தரநிலையைக் குறிக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாரோ பையில் கொண்டுவந்த டயரில் அது இருக்காது.

சென்னையிலிருந்து லடாக் போறேன். பட்டன் டயரை இங்கேயே மாட்டிக்கிட்டுப் போகவா?

போக மட்டும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், அதில் பெரும்பகுதி நான்குவழிச் சாலை. பின்னே பட்டன் மாட்டினால் அதன் உயிரில் பாதியை நாக்பூருக்கும் டெல்லிக்கும் கொடுத்துவிட்டுத்தான் மணாலி போய்ச் சேருவீர்கள். முன்னே பட்டனும், பின்னே நீண்ட நாள் உழைக்கும் டயரும் என்ற கலப்பு இதைப் போன்ற பயணத்துக்கென்றே தோன்றியது. ஓடைகளைக் கடக்கும்போது நீருக்கடியில் உருளும் கற்களின் மேல் திசையைக் காப்பது முன் சக்கரம். பின் சக்கரம் கொஞ்சம் சுழன்றாலும் கால் ஊன்றித் தள்ளிவிடலாம். கோடை உச்சியில் போகாமல் மழைக்காலத்தில் சமவெளியைக் கடப்பீர்கள் என்றால், மழைச் சாலையைப் பற்றி மேலே சொன்னதை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புதிய ஜோடியைப் புறப்படும் காலையில் மாட்டாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்பே மாட்டி, முழுச் சுமையோடு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஆட்டமோ உரசலோ இருந்தால் அது உங்கள் ஊர்க் கடைக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடட்டும்.

கடைசியா ஒண்ணு. நீங்க என்னதான் போட்டிருக்கீங்க?

என் ஹிமாலயன் 411-இல் முன்னே நடுத்தரப் பட்டன் டயர், பின்னே தொழிற்சாலையில் வந்த வகையிலேயே இன்னொன்று. இதற்கு முன் முன்னேயும் பின்னேயும் முரட்டுப் பட்டன் வைத்திருந்தேன். வாரம் ஆறு நாள் அலுவலகத்துக்குத்தான் ஓட்டினேன், அதில் மூன்று மாதம் மழை. மேலே சொன்ன தாளை எழுதிப் பார்த்த பிறகு மாற்றிவிட்டேன். அடுத்த முறை முன் டயரும் இன்னும் கொஞ்சம் சாலைப் பக்கம் நகரும் என்றுதான் நினைக்கிறேன்.